தலைமாட்டில் வைத்த இரும்பு

பிள்ளை பெற்றவளின் தலைமாட்டில் ஒரு பாக்குவெட்டி இருக்கும். பாக்குவெட்டி இல்லாத வீட்டில் அரிவாள்; அதுவும் இல்லையென்றால் ஒரு பழைய இரும்புச் சாவி. நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து. பொழுது சாய்ந்தால் கதவை அடைத்துவிடுவார்கள். குழந்தையின் துணி கொடியில் கிடந்தால் இருட்டுவதற்குள் உள்ளே எடுத்துவிட வேண்டும். தேயிலைத் தோட்டமானாலும் ரப்பர் தோட்டமானாலும், லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்த தமிழருக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. நம் பாட்டிமார் அப்படித்தான் நம் தாய்மாரைப் பெற்றார்கள்.

அந்த இரும்பு யாரைத் தடுப்பதற்காக? ஒரு பெண்ணை. பிரசவத்தில் செத்துப்போன ஒரு பெண்ணை. ஆசை தீராமல் அலைகிறாள், இன்னொருத்தி பிழைத்ததைப் பொறுக்காமல் வருகிறாள், பச்சை உடம்பின் இரத்தத்தைக் குடிப்பாள் என்று நம்பினோம். அவள் முந்தாநாள்வரை அடுத்த வீட்டில் இருந்தவள். விடியற்காலையில் நம்மோடு பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுப்புக்கு, வந்து நின்றவள். அதே சரிவில் கொழுந்து பறித்தவள். செத்த மறுநாள் அவள் நமக்குப் பேய்.

அந்தப் பேய்க்குத் திரையில் ஒரு முகம் கிடைத்தது. முகம் கொடுத்தவர் கடல் கடந்து வந்த ஒரு நடிகை. அவரைப் பற்றியும், பேய் என்று நாம் பெயர் சூட்டிய பெண்களை உண்மையில் கொன்றது யார் என்பதைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

*

மலாய்க்காரர்கள் அவளைப் பொந்தியானாக் என்கிறார்கள். இந்தோனேசியாவில் குந்திலானாக். வெள்ளை உடை, இடுப்புக்குக் கீழே தொங்கும் தலைமயிர், வெளுத்த முகம். மலாய் மாந்திரீகம் பற்றி வால்டர் ஸ்கீட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி 1900இல் வெளியிட்ட நூலில் ஒரு பழக்கம் பதிவாகியிருக்கிறது. பிரசவத்தில் இறந்தவளின் வாயில் கண்ணாடி மணிகளைப் போடுவார்கள், அவள் அலறக் கூடாது என்று. இரண்டு அக்குளிலும் கோழிமுட்டை வைப்பார்கள், அவள் கை விரித்துப் பறக்கக் கூடாது என்று. உள்ளங்கைகளில் ஊசி வைப்பார்கள், அந்தக் கைகள் விரிந்து மூடக் கூடாது என்று.

ஒரு நிமிடம் அந்த உடலை மனக்கண்ணில் பாருங்கள். பத்து மாதம் சுமந்து, வலியில் துடித்து, இரத்தம் வடிந்து செத்த உடல். அதன் வாயை அடைக்கிறோம், கையைக் கட்டுகிறோம். உயிரோடு இருந்தபோதும் அவளுக்கு வாய் இல்லை, அவள் கையில் எதுவும் இல்லை. செத்த பிறகும் அதையே உறுதிப்படுத்திக்கொள்கிறோம்.

இன்னொரு நம்பிக்கையும் உண்டு. பொந்தியானாக்கின் பிடரியில் ஆணி அடித்துவிட்டால் அவள் அழகான, அடக்கமான மனைவியாக மாறிவிடுவாளாம். சமைப்பாளாம், பிள்ளை வளர்ப்பாளாம். ஆணியைப் பிடுங்கினால் மறுபடியும் பேயாகிவிடுவாளாம். இந்தக் கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லியிருக்கிறார்கள். கேட்டவர்கள் எல்லாரும் பேய்க்குப் பயந்தார்கள். அந்த ஆணிக்கு யாரும் பயப்படவில்லை. பெண்ணின் பிடரியில் ஆணி அறைந்தால்தான் குடும்பம் அமையும் என்று ஒரு கதை சொல்கிறதே, அந்தக் கதையை உண்டாக்கிய மனம் எப்படிப்பட்டது என்று யாரும் கேட்கவில்லை.

*

1957ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், மலாயா விடுதலை பெறுவதற்கு நான்கு மாதம் முன்னால், சிங்கப்பூரில் ‘பொந்தியானாக்’ என்ற மலாய்ப் படம் வெளியானது. வாரக்கணக்கில் ஓடியது. மலாய் தெரியாத சீனர்களும் பார்க்கக் கன்டனீஸ் மொழியில் குரல் மாற்றித் திரையிட்டார்கள். அதே ஆண்டில் இரண்டாம் பாகம், அடுத்த ஆண்டில் மூன்றாம் பாகம். மலாய்த் திரையில் பேய்ப்படம் என்ற வகையே அதிலிருந்துதான் கிளைத்தது.

பேயாக நடித்தவர் மரியா மெனாடோ. அது அவருடைய பிறப்புப் பெயரன்று. 1932இல், டச்சுக்காரர் ஆட்சியில் இருந்த சுலாவெசித் தீவின் வடமுனையில், மெனாடோ வட்டாரத்தில் லீஸ்பெத் டோத்துலோங் என்ற பெயரோடு பிறந்தார். கிறிஸ்தவக் குடும்பம். பிற்பாடு இஸ்லாத்தைத் தழுவினார். இளம்பெண்ணாக நாடகக் குழுவோடு சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். சொந்த ஊரின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டார். பிழைக்க வந்த இடத்தில் பிறந்த ஊரை நெற்றியில் எழுதிக்கொண்டு நிற்பதற்கு ஒரு துணிவு வேண்டும். வந்தவர்கள் பெரும்பாலும் வந்த தடத்தை அழித்துக்கொள்ளத்தான் பார்ப்பார்கள்.

1951இல் ‘பெங்ஹிடுப்பான்’ என்ற படத்தில் அறிமுகமானார். வாழ்க்கை என்பது அதன் பொருள். அதை இயக்கியவர் எல். கிருஷ்ணன்; தமிழகத்தில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர், மலாய் மக்கள் கொண்டாடும் பி. ரம்லிக்கு 1950இல் ‘பக்தி’ படத்தில் முதன்முதலாகக் கதாநாயகன் வேடம் கொடுத்தவர். ‘பொந்தியானாக்’ படத்தின் இயக்குநர் பி. என். ராவ் நமக்கு இன்னும் நெருக்கமானவர். சிங்கப்பூர் வருவதற்கு முன் தமிழில் ‘ரம்பையின் காதல்’ (1939), ‘மதனகாமராஜன்’ (1941) ஆகிய படங்களை எடுத்தவர் அவரே. ‘பொந்தியானாக்’ படத்தை வெளியிட்ட கேத்தே கெரிஸ் நிறுவனத்தை நடத்தியவர்கள் லோக் வான் தோ, ஹோ ஆ லோக் என்ற இரு சீனர்கள். இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர், சீன முதலாளிகள், சுலாவெசி நடிகை. மண்ணின் பேய் என்று இன்று எல்லாரும் சொந்தம் கொண்டாடும் பொந்தியானாக்கைத் திரைக்குக் கொண்டுவந்தவர்கள் இவர்கள். கலைக்குக் கடவுச்சீட்டு கேட்டிருந்தால் அந்தப் படமே பிறந்திருக்காது.

மரியா மெனாடோ நடிப்போடு நிற்கவில்லை. சொந்தமாகப் படத் தயாரிப்பு நிறுவனம் தொடங்கினார். முதலாளி நாற்காலி முழுக்க ஆண்களிடம் இருந்த காலம் அது. மாதச் சம்பளத்துக்கு ஒப்பந்தத்தில் கட்டுண்டு நடிகைகள் வேலை செய்த தொழிலில், வெளியூரிலிருந்து வந்த ஒரு பெண் தன் பெயரில் நிறுவனம் வைத்துப் படம் எடுத்தார். 1963இல் பகாங் சுல்தான் அபு பக்காரை மணந்து திரையை விட்டு விலகினார். நம்மவர் தேயிலை பறித்த கேமரன் மலை இருப்பதும் அதே பகாங் மாநிலத்தில்தான். சுலாவெசிப் பெண் படகேறிய கடலும் நாகப்பட்டினத்துப் பெண் கப்பலேறிய கடலும் வேறு. வந்து சேர்ந்த மண் ஒன்று.

அந்த முதல் ‘பொந்தியானாக்’ படத்தின் பிரதி இன்று கிடைப்பதில்லை. கதை மட்டும் மிஞ்சியிருக்கிறது, அதைத் தமிழர் ஒவ்வொருவரும் ஒருமுறை நிதானமாக யோசிக்க வேண்டும்.

சோமெல் என்றொரு பெண். மலாயில் அந்தப் பெயருக்கு அழகி என்று பொருள். ஆனால் அவள் கூன் விழுந்த, விகாரமான தோற்றமுடையவள். ஊரே வெறுக்கிறது. வளர்த்த கிழவர் விட்டுச்சென்ற மந்திரக் குறிப்பைக் கொண்டு அவள் அழகியாகிறாள். ஒரே ஒரு விதி: இரத்தத்தைச் சுவைக்கக் கூடாது. ஊர்ப் பெரியவரின் மகன் அவளை மணக்கிறான். குழந்தை பிறக்கிறது. ஒருநாள் கணவனைப் பாம்பு கடிக்கிறது. விஷத்தை உறிஞ்சி எடு என்று அவன் கெஞ்சுகிறான். அவள் வாய் வைத்து உறிஞ்சுகிறாள். நாக்கில் இரத்தம் படுகிறது. பேயாகிறாள்.

எந்தக் குற்றத்துக்காக அவளுக்கு இந்தத் தண்டனை? கணவனைக் காப்பாற்ற முயன்ற குற்றத்துக்காக. எமனோடு வாதாடிக் கணவன் உயிரை மீட்டவள் என்று சாவித்திரியை நோன்பிருந்து கும்பிடுகிறோம். வாயாலேயே விஷத்தை உறிஞ்சிக் கணவன் உயிரைக் காக்க முயன்றவளுக்கு ஆணி தேடுகிறோம். பெண் எதைச் செய்தாலும் அவளைத் தெய்வமாக்கவோ பேயாக்கவோ ஒரு கதை தயாராக இருக்கிறது. மனுஷியாக நடத்தத்தான் எந்தக் கதையும் இல்லை.

*

இதெல்லாம் மலாய்க்காரர் மூடநம்பிக்கை, நமக்கென்ன என்று யாரும் ஒதுங்க வேண்டாம். நம் மூட்டையில் நாம் கொண்டுவந்ததைப் பிரித்துப் பார்ப்போம்.

கணவனால் கொல்லப்பட்ட பழையனூர் நீலி நமக்குப் பேய். கன்னியாகுமரி, நெல்லைச் சீமைகளில் வயிற்றுப்பிள்ளையோடு செத்த பெண்ணின் கதை இசக்கியாக நிற்கிறது. தமிழகத்துச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் பிறர் உதவி இல்லாமல் இறக்கி வைத்துக்கொள்ளலாம். வயிற்றுப்பிள்ளையோடு இறந்தவளின் நினைவாக அதை நட்டார்கள். அவள் இறக்க முடியாத சுமையை ஊரார் இறக்கிவைத்தால் அவள் ஆவி ஆறும் என்பது நம்பிக்கை. ஊருக்கு ஊர் நின்ற அந்தக் கற்களை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பெண். கல் நடத் தெரிந்த ஊருக்கு அவளைக் காப்பாற்றத் தெரியவில்லை.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பெரியாச்சி சந்நிதி இல்லாத அம்மன் கோயில் குறைவு. மடியில் ஒரு பெண்ணைக் கிடத்தி வயிற்றைக் கிழித்துக் கையில் குழந்தையை ஏந்தியிருக்கும் சிலை. பிள்ளை பிறந்து முப்பதாம் நாள் அங்கே கொண்டுபோய்ப் படைக்கிறோம். படைத்துவிட்டு வாருங்கள், நான் தடுக்கப் போவதில்லை. ஆனால் ஒரு கேள்வி. இரவு இரண்டு மணிக்குக் கையுறை மாட்டிக்கொண்டு உங்கள் பிள்ளையை வெளியே எடுத்த மருத்துவத் தாதியின் பெயர் உங்களுக்குத் தெரியுமா?

*

கேமரன் மலைக்கு வருவோம். 1885இல் வில்லியம் கேமரன் அளவெடுக்க வந்தபோது இது காடு. பூர்வகுடி ஒராங் அஸ்லி மக்களின் இடம். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்து, செங்குத்தான சரிவில் செடி நட்டு, முதுகில் கூடை கட்டிக் கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். அதே 1929 டிசம்பரில்தான் பெரியார் முதன்முதலாக மலாயா வந்தார். மலையில் தேயிலை முளைத்த ஆண்டும் மலாயாத் தமிழரிடையே பகுத்தறிவு பேசப்பட்ட ஆண்டும் ஒன்று. தேயிலை வேர்விட்டது. பகுத்தறிவு எவ்வளவு வேர்விட்டது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

மலாயாத் தோட்டங்களில் பெண்கள் பிரசவத்தில் ஏன் செத்தார்கள்? காரணங்கள் மர்மமானவை அல்ல. வெறுங்காலோடு நடந்த மண்ணிலிருந்து கொக்கிப்புழு உடம்பில் ஏறியது. தாழ்நிலத் தோட்டங்களில் மலேரியா வாட்டியது. அரிசிச் சோறும் கருவாடுமே சாப்பாடு. அடுத்தடுத்துப் பிரசவம். நிறைமாதம் வரை தீம்பார் எனும் தோட்ட வேலை. இத்தனையும் சேர்ந்து அவள் இரத்தத்தில் இருந்த இரும்பைத் தின்றுவிட்டன. அதன் பெயர் இரத்தசோகை. நல்ல உடம்பு தாங்கிக்கொள்ளும் அளவு இரத்தப்போக்கையே இரத்தசோகை கண்ட உடம்பு தாங்காது. இதற்கு மேல் நஞ்சுக்கொடி தங்கிவிட்டாலோ, வலிப்பு கண்டாலோ, கழுவாத கையால் தொட்டுக் காய்ச்சல் வந்தாலோ, தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸ்ஸரால் என்ன செய்ய முடியும்? கேமரன் மலையிலிருந்து அடிவாரத்துத் தாப்பா வரைக்கும் வளைந்து வளைந்து இறங்கும் சாலை. நோயாளியைத் துணித் தொட்டிலில் தூக்கிக்கொண்டு லாரியைத் தேடிய குடும்பங்களின் கதை மலையில் பிறந்த எல்லாருக்கும் தெரியும்.

பொந்தியானாக்கின் முகம் வெளுத்திருக்கும் என்றார்கள். இரத்தம் இல்லாத முகம் வெளுத்துத்தான் இருக்கும். அவள் இரத்தம் தேடி வருகிறாள் என்றார்கள். ஆம், அவளுக்கு இரத்தம் தேவைப்பட்டது. உயிரோடு இருந்தபோது தேவைப்பட்டது. ஒரு புட்டி இரத்தம் கிடைத்திருந்தால் அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பாள்.

அவள் உடம்புக்குள் போயிருக்க வேண்டிய இரும்பை நாம் தலைமாட்டில் வைத்தோம். மலாய்க்காரர் ஆணியாக்கிப் பிடரியில் அடிக்க நினைத்தார்கள். இரும்பு அவளுக்குத் தேவை என்பது இரண்டு கூட்டத்துக்கும் எப்படியோ தெரிந்திருந்தது. அதை எங்கே வைப்பது என்பதுதான் தெரியவில்லை.

*

நம்பிக்கைக்கும் அறிவுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட ஒரு பழைய நிகழ்ச்சி போதும். 1840களில் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்கள் பிரசவம் பார்த்தார்கள், மற்றதில் மருத்துவச்சிகள். மாணவர்கள் பிரிவில் பிரசவக் காய்ச்சலால் தாய்மார் கொத்துக்கொத்தாக இறந்தார்கள். மருத்துவச்சிகள் பிரிவில் சாவு மிகக் குறைவு. ஏன்? இறக்கும் நிலையில் இருப்பவருக்குச் சடங்கு செய்யப் பாதிரியார் மணியடித்துக்கொண்டு வார்டு வழியாக நடந்துபோவார். அந்த மணியோசையில் தாய்மார் பயந்தே சாகிறார்கள் என்று சிலர் நினைத்தார்கள்.

இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற இளம் மருத்துவர் என்ன செய்தார் தெரியுமா? அந்த எண்ணத்தைக் கேலி செய்யவில்லை. சோதித்தார். பாதிரியாரை மணியடிக்காமல் வேறு வழியாகப் போகச் சொன்னார். சாவு குறையவில்லை. சரி, மணி காரணமன்று என்று அடுத்த காரணத்தைத் தேடினார். பிணத்தை அறுத்துவிட்டு அதே கையோடு மாணவர்கள் பிரசவம் பார்க்க வருவதைக் கண்டுபிடித்தார். 1847 மே மாதத்திலிருந்து குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்தார். சாவு சரசரவென்று இறங்கியது. அவருடைய காலத்துப் பெரிய மருத்துவர்கள் பலர் அவரை ஏற்கவில்லை. தங்கள் கையே கொன்றது என்று ஒப்புக்கொள்ள அவர்களுக்கு மனம் வரவில்லை. 1865இல் மனநல விடுதியில் அவர் இறந்தார்.

பேய் என்று சொல்வதில் உள்ள வசதி இதுதான். பேய் என்று சொல்லிவிட்டால் யார் கையும் அழுக்கில்லை. தோட்டத் துரையின் கை அழுக்கில்லை, மருத்துவமனை கட்டாத அரசின் கை அழுக்கில்லை, ஏழாவது பிள்ளையையும் சுமக்கவைத்த கணவன் கை அழுக்கில்லை, அடுத்த வீட்டு நம் கையும் அழுக்கில்லை. பேய்க்கதை என்பது விசாரிக்காமல் மூடிவைத்த ஒரு மரணம். பெரியார் 1930களிலேயே கர்ப்பத்தடையைப் பற்றிப் பேசினார். நாட்டின் நலனுக்காகவோ சொத்துப் பிரியாமல் இருப்பதற்காகவோ அன்று, பெண்ணின் விடுதலைக்காகவே அது வேண்டும் என்றார். அவரைத் திட்டியவர்கள், மனைவி செத்தால் பேய் ஓட்டத் தயாராக இருந்தார்கள்.

விசாரித்தால் என்ன நடக்கும் என்பதற்கும் இந்த நாடே சாட்சி. 1950இல் மலாயாவில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 500க்கும் அதிகமான தாய்மார் இறந்தார்கள். 1990களில் அது 50க்கும் கீழே இறங்கிவிட்டது. எந்த மந்திரவாதி இதைச் செய்தார்? கிராமத்துக்குக் கிராமம் பயிற்சி பெற்ற மருத்துவத் தாதிகளை அனுப்பினார்கள். கம்பத்து மருத்துவச்சிகளை அவமதித்து விரட்டாமல், சுத்தம் கற்றுக்கொடுத்து இணைத்துக்கொண்டார்கள். கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். இரத்த வங்கி வந்தது, சாலை வந்தது. 1991இலிருந்து நாட்டில் நடக்கும் தாய்மார் மரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து, எங்கே தவறு நடந்தது, எதைச் செய்திருந்தால் இவளைக் காப்பாற்றியிருக்கலாம் என்று ஆராயும் முறையைச் சுகாதார அமைச்சு ஏற்படுத்தியது. பழியைப் பேயின்மேல் போடாமல், ஏன் செத்தாள் என்று கேட்டார்கள். கேட்கக் கேட்கச் சாவு குறைந்தது. சாவு குறையக் குறையப் பேயும் குறைந்தது.

“நம்பிக்கையால் என்ன கெடுதல்? தலைமாட்டில் பாக்குவெட்டி இருந்தால் யாருக்கு நஷ்டம்? பெற்றவளுக்கு ஒரு தைரியம்தானே” என்று அன்போடு கேட்பவர்கள் உண்டு. அவர்கள் அன்பை நான் மதிக்கிறேன். அதனால்தான் நேராகப் பதில் சொல்கிறேன். பாக்குவெட்டி யாரையும் கொன்றதில்லை. பாக்குவெட்டி இருக்கிறது என்று நாம் நிம்மதியாகத் தூங்கிய இரவுகள் கொன்றிருக்கின்றன. வலிப்பு வந்தவளைப் பேய் பிடித்தது என்று வேப்பிலை அடித்த அரை மணி நேரம் கொன்றிருக்கிறது. பொய்யான காரணம் மனத்தில் குடியேறிவிட்டால் உண்மையான காரணத்துக்கு அங்கே இடமில்லை. கெடுதல் அதுதான்.

*

இப்போது கடைசிக் கேள்விக்கு வருகிறேன். நமக்குக் கசக்கும் கேள்வி இது.

கேமரன் மலைச் சரிவுகளில் இன்று யார் வேலை செய்கிறார்கள்? நம் பிள்ளைகள் பெரும்பாலும் படித்து இறங்கிவிட்டார்கள். அது மகிழ்ச்சி. நம் பாட்டிகள் நின்ற சரிவில் இன்று வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் நிற்கிறார்கள். தேயிலையைக் கத்திரியாலும் இயந்திரத்தாலும் வெட்டுகிறார்கள், காய்கறிப் பண்ணைகளில் மருந்தடிக்கிறார்கள், மூட்டை தூக்குகிறார்கள். அவர்களில் பெண்களும் இருக்கிறார்கள்.

வேலை அனுமதியில் வந்த பெண் கருவுற்றால் அவளுடைய அனுமதி ரத்தாகிறது, அவள் நாடு திரும்ப வேண்டும். ஆவணம் இல்லாதவர் சிகிச்சைக்கு வந்தால் தகவல் தெரிவிக்க வேண்டும் என்று அரசு மருத்துவமனைகளுக்கு 2001இலேயே சுற்றறிக்கை போயிருக்கிறது. அயல்நாட்டவருக்குப் பிரசவக் கட்டணமும் முன்பணமும் குடிமக்களுக்கு உள்ளதைவிடப் பல மடங்கு. இந்த நிலையில் வயிறு தெரிய ஆரம்பித்த பெண் என்ன செய்வாள்? மறைப்பாள். துணியை இறுக்கிக் கட்டுவாள். கிளினிக் பக்கம் போகமாட்டாள். இரும்புச்சத்து மாத்திரை அவளுக்குக் கிடைக்காது. வலி கண்ட பிறகும் விடியட்டும் என்று காத்திருப்பாள். நம் பாட்டிக்குச் சாலை இல்லை. இவளுக்குச் சாலை இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது, போக மட்டும் பயம்.

அவளைப் பற்றி நம் வீடுகளில் என்ன பேசுகிறோம்? “வந்தேறிகள்.” “எங்கே பார்த்தாலும் அவனுங்கதான்.” இந்தச் சொல் நமக்குப் புதிதா? நம்மை நோக்கி எறியப்பட்ட சொல்லைத்தானே பொறுக்கி அடுத்தவர்மேல் எறிகிறோம்? 1969 கலவரத்துக்குப் பின், குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்று வந்தபோது ஏறத்தாழ 60,000 தோட்டத் தொழிலாளர் இந்த நாட்டைவிட்டு இந்தியா திரும்பினார்கள். அவர்களில் யாரும் நம் உறவு இல்லையா? குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அடையாள அட்டையோடு செத்துப்போன பாட்டி எத்தனை வீட்டில் இருக்கிறார்? காகிதம் இல்லாத வாழ்வு என்னவென்று நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்? அறிந்தும் அடுத்தவளுக்கு அதையே நாம் ஆமோதித்தால், நாம் பட்ட துன்பம் நம்மை எதையும் கற்கவைக்கவில்லை என்றுதான் பொருள்.

மரியா மெனாடோவும் இந்தோனேசியாவிலிருந்து பிழைக்க வந்த பெண்தான். திரையில் தெரிந்ததால் கொண்டாடினோம். அதே நாட்டிலிருந்து வந்து முட்டைக்கோஸ் பாத்தியில் குனிந்து நிற்பவள் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. திரையில் பேயாக நடித்தவளுக்குக் கைதட்டியவர்கள், பாத்தியில் நிற்பவள் உண்மையிலேயே செத்துப் பேய்க்கதையாக மாறும்வரை காத்திருக்கக் கூடாது.

ஆகவே பேயை நம்புகிறவரிடமும் நம்பாதவரிடமும் நான் கேட்பது ஒன்றுதான். அடுத்தமுறை யாராவது உங்களிடம் ஒரு பெண்பேயின் கதையைச் சொன்னால் நடுவில் நிறுத்துங்கள். அவள் பெயர் என்ன, எந்த ஊர்க்காரி, பிரசவத்தில் யார் பக்கத்தில் இருந்தார்கள், ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று கேளுங்கள். நாலாவது கேள்வியில் பேய் போய்விடும். ஒரு பெண் மிஞ்சுவாள்.

அதன்பின் இரண்டு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டிலோ கடையிலோ பண்ணையிலோ வேலை செய்யும் பெண், எந்த நாட்டவளாக இருந்தாலும், கருவுற்றிருக்கிறாள் என்று தெரிந்தால் அவளைக் கூட்டிக்கொண்டு ஒரு கிளினிக்குக்குப் போங்கள். பயப்படாமல் வரலாம் என்று சொல்ல அவளுக்கு ஒரு துணை வேண்டும். உடல் நலமாக இருந்தால், அடுத்த இரத்ததான முகாமில் போய்ப் படுத்துக் கையை நீட்டுங்கள். இரத்தம் கேட்டு அலைகிறாள் என்று நூறு ஆண்டாகச் சொல்லிவிட்டோம். இனிமேலாவது அவள் உயிரோடு இருக்கும்போதே கொடுப்போம்.